புத்தகத்தில் இருக்கிற ஆள்

கிராவிக், ஹாரிஸ் தீவு
12 செப்டம்பர் 2018

அன்புள்ள உனாவுக்கு,

அக்கா எஃபி எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. மாடி ஏறுவது நின்றுவிட்டது. கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். எனக்கு முழங்கால் வலி. மற்றபடி மழை, காற்று, ஆடுகள். நீ எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டுகிறாயா?

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நான் பேசும்போது நீ குறுக்கே விழ முடியாது.

உன் புத்தகம் ஊருக்கு வந்து சேர்ந்தது. நூலக வண்டியில் ஒரே ஒரு பிரதி, அதற்குப் பெரிய வரிசை. கதை நன்றாக இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் அதில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் தேடுகிறார்கள். கடைக்காரருக்கு ஒரே கோபம். "இத்தனை வருஷமா கடை வெச்சிருக்கேன், என்னைப் பத்தி ஒரு வரி இல்லையே! எங்கிட்ட மிட்டாய் வாங்கித் தின்னதெல்லாம் உன் தங்கச்சிக்கு மறந்துபோச்சா?" என்று என் சில்லறையை மேசையில் எறிந்தார்.

அதில் ஒருவன் வருகிறானே, வருஷக்கணக்காகப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல், எல்லாவற்றையும் குழந்தை மூலமாகவே சொல்லியனுப்புகிறவன். அவன் யார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. உன் புத்தகத்தில் அவன் சர்ச்சில் சங்கீதம் எடுத்துக் கொடுக்கிறான். இங்கே ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பது ஒரே ஒருவர்தான். அதோடு விசாரணை முடிந்தது. நம் பக்கத்து வீட்டு ஃபின்லே சித்தப்பா!

டோலினா சித்தி உயிரோடு இருந்தவரை அவளிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர். "கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன், தலை வலிக்குது" என்று அவள் கெஞ்சுவாள், உனக்கு நினைவிருக்கும். அவள் போய் இத்தனை வருஷமாகியும் அவளுடைய காலி நாற்காலியிடம் வானிலை சொல்கிறவர். அவரையா?

மூன்று வாரமாக அவர் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, படிக்க முடியாது, ஊரில் நடப்பதும் தெரியாது. தினமும் சாயங்காலம் ஜன்னல் பக்கம் திரும்பி, "பக்கத்து வீட்டுக்காரன் செத்துட்டானா என்ன? ஏன் வரல?" என்கிறார். நேற்று வேறு விதமாகச் சொன்னார்: "நான் போனா அவன்தான் பாடணும். வேற எவனையும் வாயைத் திறக்க விடாதே."

ஆகவே நீ ஒரு காரியம் செய். அந்த ஆள் ஃபின்லே இல்லை என்று நம் போதகருக்கு இரண்டு வரி எழுது. அவர் சர்ச்சில் வாசித்துவிடுவார். விஷயம் முடிந்துவிடும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
எஃபி


அபர்டீன், ஒரு விடுதி
30 செப்டம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்காலும் அப்பாவின் மூச்சும் இந்நேரம் கொஞ்சம் தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். நலம் என்றால் நடமாடுகிறேன், அவ்வளவுதான். இன்று இந்த ஊர் நூலகத்தில் என் நாவலிலிருந்து வாசித்துக் காட்டினேன். வந்தவர்கள் பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எல்லா ஊரிலும் கேட்கும் கேள்வியையே இங்கும் கேட்டார்கள்: "இந்தக் கதை உங்களுக்கு எங்கேயிருந்து கிடைச்சுது?" எல்லா ஊரிலும் சொல்லும் பதிலையே சொன்னேன். நாளைக்கு டண்டி, அதன்பின் பெர்த். வாரத்தில் இரண்டு நாள் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளின் கதைகளைத் திருத்துகிறேன். அடுத்த நாவல் முப்பதாவது பக்கத்தில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. புத்தகம் ஏதோ பரிசுப் பட்டியலில் இருக்கிறதாம். கேட்டதும் சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் தூக்கம்தான் வந்தது.

ஃபின்லே சித்தப்பா விஷயம் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அக்கா, நாவலில் வருகிறவர்கள் நிஜ ஆட்கள் இல்லை, எல்லாம் கற்பனை என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நான் தனியாகக் கடிதம் எழுதினால் அதுவே பெரிய செய்தியாகிவிடும். கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடும்.

அப்பாவுக்கு என் அன்பு.

உனா


கிராவிக்
9 நவம்பர் 2018

அன்புள்ள உனாவுக்கு,

அப்பா போன மாதத்தைவிட மெலிந்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரையை மாற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பினார். நான் நர்ஸாக இருந்தவள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய்?

கொஞ்ச நாளில் ஊர் மறந்துவிடுமா? கிளாஸ்கோ உன்னை ரொம்பவே மாற்றிவிட்டது. இந்த ஊர் நம் தாத்தா காலத்தில் காணாமல் போன ஒரு கிடாவைப் பற்றி இன்னும் பேசுகிறது. உன் முதல் பக்கத்தை இங்கே யாரும் படிக்கவில்லை.

டோலினா சித்தியின் தங்கை மார்சலி கடையில் எல்லோர் முன்னாலும் அழுதாள். "என் அக்கா எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க! எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டுப் போயிட்டா. சிரிச்ச முகமா இருந்தாளே, பாவி!" சொல்ல எதுவும் இல்லாததால்தான் அவள் சொல்லவில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றியது. சொன்னால் கேட்பாளா? மார்சலி இப்போது ஃபின்லே சித்தப்பாவைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிறு அவர் வழக்கம்போல எழுந்து வரி எடுத்துக் கொடுத்தார். பின்னாலேயே முழுச் சபையும் வாங்கிப் பாட வேண்டும் அல்லவா? நாலைந்து பேர் முனகினார்கள். நான் என் கழுதைக் குரலில் கத்தினேன். அவர் சங்கீதத்தை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறு முதல் கதவோரம் கடைசி பெஞ்சு.

அவர் வீட்டுக்கே போனேன். "சித்தப்பா, அது நான் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "போம்மா, ஆட்டுக்குத் தீனி வெக்கணும்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உனா, உன்னைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். இல்லாத ஒன்றை நீ இவ்வளவு அச்சு அசலாக எழுத மாட்டாய். அந்த ஆள் ஃபின்லே இல்லை என்றால் யார்?

எஃபி


கிளாஸ்கோ
21 நவம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தை அவர் இருக்கும் அறையில் வைத்துப் படிக்காதே.

அது அப்பா.

நீ பன்னிரண்டு வயதில் பள்ளி விடுதிக்குப் போய்விட்டாய். மாதம் ஒரு முறை வருவாய். நீ வந்திருக்கும்போது அப்பா பேசுவார், உன்னிடம். சாப்பாட்டு மேசையில் சத்தம் இருக்கும். திங்கட்கிழமை காலை உன் பேருந்து வளைவில் திரும்பியதும் வீடு ஊமையாகிவிடும். "உங்கம்மாகிட்ட சொல்லு, வேலி விழுந்து கிடக்கு." அம்மா எட்டித் தொடுகிற தூரத்தில்தான் நிற்பாள். "அப்பாகிட்ட சொல்லு, நான் பாத்தேன்." நான் இருவருக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புவேன். நானும் விடுதிக்குப் போகும்வரை ஆறு வருஷம் இப்படித்தான். அதன்பிறகு அவர்கள் இருவரும் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏன் பேசவில்லை என்பதும் தெரியாது. புத்தகத்தில் ஒரு காரணம் எழுதியிருக்கிறேனே, அது ஒன்றுதான் கற்பனை.

அப்பாவை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று படாத பாடு பட்டேன். அவருடைய படகை நீக்கினேன், முடியின் நிறத்தை மாற்றினேன், ஃபின்லே சித்தப்பாவின் சங்கீதத்தை எடுத்து மேலே போர்த்தினேன். ஓர் ஆளை மறைக்க இன்னொரு ஆளின் சட்டையைப் போட்டுவிடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற வேலை. ஊர் சட்டையைத்தான் பார்க்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. இரண்டு வருஷம் அந்தப் பக்கங்களைத் திருத்தித் திருத்தி எழுதினேன், ஒரு நாள்கூட உறைக்கவில்லை.

ஃபின்லே இல்லை என்று எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். யார் என்று அடுத்த நிமிடமே கேட்பார்கள். அப்பா உன் முன்னறையில் படுத்திருக்கிறார். எழுதட்டுமா, நீயே சொல்.

உனா


கிளாஸ்கோ
3 ஜனவரி 2019

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. இரண்டு முறை போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெளியே ஆட்டுப்பட்டியில் இருந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு முறையுமா?

திட்டியாவது எழுது. எனக்கு இருமல். வகுப்பு இல்லை, வெளியூர் வாசிப்பும் இல்லை, நாள் முழுக்கச் சட்டையை மாற்றாமல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வாக்கியம் எழுதினால் அது யாரைப் போய் இடிக்கும் என்று பயமாக இருக்கிறது. உடனே அடித்துவிடுகிறேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று மட்டுமாவது எழுது.

உனா


கிராவிக்
28 ஜனவரி 2019

அன்புள்ள உனாவுக்கு,

உன் இருமலுக்குச் சூடாக ஏதாவது குடி. நான் நலம். அப்பா அப்படியேதான்.

இரண்டு மாதம் எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன? முதலில் உன் மேல். பெற்ற அப்பாவைப் புத்தகத்தில் ஏற்றிவிட்டாளே என்று. பிறகு அதை மறுபடி முதலிலிருந்து படித்தேன். சனிக்கிழமைகளில் நான் வந்தபோது அம்மா அப்பாவுக்கு எதிரில் உட்காராமல் அடுப்புப் பக்கமே நின்று சாப்பிட்டது நினைவுக்கு வந்தது. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதன்பிறகு கோபம் என் மேலேயே திரும்பியது. அப்புறம் யார் மேல் வைப்பது என்று தெரியாமல் ஓய்ந்துவிட்டேன்.

இப்போது நடந்ததைக் கேள். அப்பா ஒரு நாள், "உனா எழுதினதை எனக்கு யாரும் படிச்சுக் காட்டலையே" என்றார். சாக்குச் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. சரி, நடப்பது நடக்கட்டும் என்று எடுத்து உட்கார்ந்தேன். தினமும் சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தப் பக்கங்களை வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன். "அந்த எடத்தை இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன்.

"கட்டிக்கிட்டவகிட்ட பேசாம எப்படிம்மா ஒருத்தன் இருப்பான்?" என்றார்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

"இது ஃபின்லேதானே? சங்கீதம் எடுத்துக் கொடுக்கிறானே. பாவம் டோலினா. அந்தக் கொழந்தையும் பாவம், இங்கேயும் அங்கேயும் அலையுது. சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே."

உனா, நடிக்கிறாரா என்று முகத்தையே பார்த்தேன். வாழ்நாளெல்லாம் நோயாளிகளின் முகத்தைப் பார்த்தவள் நான். வலிக்காததை வலிக்கிறது என்பவர்களையும், வலிப்பதை இல்லை என்பவர்களையும் எனக்குத் தெரியும். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே டோலினாவுக்காக வருந்தினார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அவரை உலுக்கலாம் போலவும் இருந்தது, போர்வையை இழுத்துப் போர்த்திவிடலாம் போலவும் இருந்தது. போர்த்திவிட்டேன்.

"அவனை வரச் சொல்லு. போறதுக்கு முன்னாடி மன்னிச்சுட்டுப் போறேன்" என்றார்.

போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. சித்தப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அப்பா அவர் கையைப் பற்றி, "ஃபின்லே, டோலினாவுக்கு நீ செஞ்சதை நான் மனசார மன்னிச்சுட்டேன்டா. மேல இருக்கறவரும் மன்னிப்பார்" என்றார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி டோர்மட், ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு இருவரும் ஆட்டு விலை பேசினார்கள். இப்போது தினமும் வருகிறார்.

ஆகவே எதுவும் எழுதாதே. அப்பா இருக்கும்வரை வேண்டாம். அவர் நிம்மதியாக இருக்கிறார். எனக்குத்தான் சித்தப்பா உள்ளே வரும்போதெல்லாம் டீ போடுகிற சாக்கில் எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

எஃபி


கிளாஸ்கோ
20 மார்ச் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ தூங்குகிறாயா? கட்டிலை மறுபடி மாடிக்கு ஏற்ற வேண்டாம், முழங்கால் போய்விடும். யாரையாவது கூப்பிடு.

காற்று கப்பலை நிறுத்திவிட்டது என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் உண்மை அதுதான். துறைமுகத்தில் காரிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். நான் வந்தபோது அப்பாவை அடக்கம் செய்து ஓர் இரவு ஆகியிருந்தது. வீடு நிறையக் கழுவாத கோப்பைகள் மட்டும் இருந்தன.

அவற்றைக் கழுவிக்கொண்டே நீ சொன்னது என்னை விடவே இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "நான் ஃபின்லேயை மன்னிச்சுட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். "டோர்மட்டே மன்னிச்சார்னா அப்போ நடந்தது நெசந்தானே" என்று ஊர் பேசியிருக்கிறது. இதுவரை சந்தேகப்பட்டவர்களும் நம்பிவிட்டார்கள். வீட்டில் நடந்த ஜெபத்தில் ஒருவரும் சித்தப்பாவைப் பாடக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஓர் ஆளை அழைத்துவந்தார்களாம், அவர் பாதியில் சுதி இறங்கிப்போய் நின்றுவிட்டாராம். சித்தப்பா பாட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்பா கேட்டது. அதுவும் நடக்கவில்லை. பெட்டியைத் தூக்க ஆண்கள் ஜோடி ஜோடியாக மாறியபோது சித்தப்பாவுக்கு ஜோடியாக நிற்க ஆள் வரவில்லை என்றும், கடைசியில் சவ ஏற்பாட்டுக்காரரே தோள் கொடுத்தார் என்றும் நீ சொன்னாய். பெண்கள் கல்லறை வரை போவதில்லை, வாசலில் நின்றே பார்த்தேன் என்றாய்.

கிளம்புகிற அன்று காலை சித்தப்பா வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே அவர் டோலினா சித்தியின் நாற்காலியிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

அப்பா இப்போது இல்லை. தீவுப் பத்திரிகைக்கு இதை அனுப்பலாம் என்று இருக்கிறேன்:

"என் நாவலில் மனைவியிடம் பேசாமல் இருக்கும் மனிதர் என் தந்தை டோர்மட் மெக்காஸ்கில். இருவருக்கும் நடுவில் நின்ற குழந்தை நான். ஃபின்லே மெக்காஸ்கில் தம் மனைவியிடம் ஒரு நாளும் பேசாமல் இருந்ததில்லை. சங்கீதத்தை மட்டும் அவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். அவரிடமும் டோலினாவின் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

அவர் உனக்கும் அப்பா. கல்லறை மண் காயவில்லை. நீ சரி என்றால்தான் அனுப்புவேன்.

உனா


கிராவிக்
25 ஏப்ரல் 2019

அன்புள்ள உனாவுக்கு,

நலம். ஆடுகள் குட்டி போடுகின்றன. கையெல்லாம் நாற்றம், இந்தத் தாளிலும் இருக்கும்.

ஒரு மாதம் யோசித்தேன். அனுப்பு. அப்பாவுக்கு இனி வலிக்காது. எனக்கு வலிக்கும். நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபின்லே சித்தப்பா எண்பதைத் தாண்டிவிட்டார், அவருக்குக் காத்திருக்க நேரம் இல்லை.

நீ எழுதினதை அப்படியே அனுப்பு. அழகுபடுத்தாதே.

எஃபி


கிளாஸ்கோ
30 மே 2019

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? பத்திரிகையில் வந்துவிட்டது, பார்த்திருப்பாய். பதிப்பகத்தில் என் நாவல்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குப் பயங்கர வருத்தம். "நாவல்ல வர்றது யாருன்னு நாவலாசிரியரே சொல்லலாமா? இனிமே எல்லாரும் அதை உங்க டைரின்னுதான் படிப்பாங்க" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். பரிசு வேறொருவருக்குப் போயிற்று. அன்று இரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

ஊரில் என்ன சொல்கிறார்கள்? அப்பாவைத் திட்டுகிறார்களா? உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பயமாக இருக்கிறது.

உனா


கிராவிக்
14 ஜூலை 2019

அன்புள்ள உனாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதம் பத்திரிகையில் வந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கடையில் பத்திரிகை தீர்ந்துவிட்டது. சாயங்காலம் மார்சலி அதைக் கையில் சுருட்டிக்கொண்டு நம் வீட்டுக்குள் வந்தாள். "பெத்த அப்பன் மேலயே பழி போடுறாளே! செத்தவர் எழுந்து வந்து கேக்கவா போறார்னு தைரியம்!"

"அவ சொல்றது உண்மை மார்சலி. நான் சொல்றேன்" என்றேன்.

"நீ தங்கச்சியை விட்டுக் கொடுக்க மாட்டே. அது உன் நல்ல குணம். டோர்மட்டை எனக்குத் தெரியாதா? தங்கமான மனுஷன்" என்றாள். பிறகு சுருட்டிய பத்திரிகையைப் பிரித்து மறுபடி பார்த்தாள். முகம் மாறியது. "அப்பனைப் பத்தியே இப்படிப் பொய் சொல்றவ, ஃபின்லேயைப் பத்தி மட்டும் நெசத்தையா எழுதியிருப்பா? அய்யோ, ஒரு வருஷமா அந்த மனுஷன் மொகத்தைப் பாக்காம இருந்தேனே!"

நம் வீட்டிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி அழுதிருக்கிறாள். மறுநாள் ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துப் போனாள். ஊரும் அவள் பின்னாலேயே போயிற்று. சர்ச் மூப்பர்கள் இரண்டு பேர் அவரிடம் போய் மறுபடி பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஞாயிறு அவர் எழுந்து நின்று வரி எடுத்துக் கொடுத்தார். உனா, முழுச் சபையும் வாங்கிப் பாடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உன் மேல் இருந்த கோபத்தில்தான் அவ்வளவு உரக்கப் பாடினார்கள் என்று நினைக்கிறேன். ஆனாலும் நன்றாகப் பாடினார்கள். நான் அழுதுவிட்டேன்.

ஆக, ஃபின்லே சித்தப்பா நல்லவர். அப்பாவும் நல்லவர். நீ பொய்க்காரி. நான் சொன்னாலும் ஒருவரும் கேட்கவில்லை, போதகர்கூட என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார். இந்தக் கோடைக்கு நீ வர வேண்டாம். இதை எழுதவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருஷமும் எப்படி என்று தெரியவில்லை.

சித்தப்பா இன்னும் தினமும் சாயங்காலம் வருகிறார். அப்பா இல்லாத முன்னறையில் என்னோடு உட்காருகிறார். போன வாரம் கேட்டுவிட்டேன். "அப்பாதான்னு உங்களுக்கு முதல்லேயே தெரியுமா சித்தப்பா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தேன். தெரியாதா?"

"அப்புறம் ஏன் வாயே திறக்கலை?"

"நான் இல்லைன்னா வேற யாருன்னு கேப்பாங்க. எங்க வயசுல இந்த ஊர்ல மிச்சம் இருந்தது நாங்க ரெண்டு பேர்தான். அவனுக்கோ உடம்பு முடியலை" என்றார். டீயைக் குடித்தார். பிறகு, "சின்னப் புள்ளையில உனா எங்கிட்ட வந்து ஒண்ணு கேட்டா. ஏழு வயசிருக்கும்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீ அவருடைய ஆட்டுப்பட்டிக்கு வந்து வேலியில் சாய்ந்துகொண்டு நின்றாயாம். "சித்தப்பா, 'உங்கம்மாகிட்ட சொல்லு, இந்த சூப்பை ஆடுகூடத் தின்னாது'ன்னு அப்பா சொன்னார். நான் அம்மாகிட்ட 'சூப்பு நல்லாருக்குன்னு அப்பா சொன்னார்'னு சொல்லிட்டேன். தினமும் அப்படித்தான் மாத்திச் சொல்றேன். அது பொய்யா? சர்ச்சுல அடிப்பாங்களா?" என்று கேட்டாயாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"என்னத்தைச் சொல்ல? நல்லாச் சொல்லும்மா, இன்னும் கொஞ்சம் சேத்துச் சொல்லுன்னேன்" என்றார்.

அம்மாவைக் கடைசியாகக் கிளாஸ்கோவில் என் வார்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டது நான்தான், உனக்குத் தெரியும். போவதற்கு முன்தினம் அவள் என்னிடம் சொன்னதை உன்னிடம் நான் சொன்னதில்லை. எனக்கே அது புரியாமல் இருந்தது. "உங்கப்பாவுக்கு எங்கிட்ட என்ன கோவமோ தெரியலை. ஆனா ஒண்ணு சொல்லணும் எஃபி, என் கையால சமைச்சதை அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்ல. எப்பவும் நல்லாருக்குன்னுதான் சொல்லியனுப்புவார்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இதை ஏன் நீ புத்தகத்தில் எழுதவில்லை? எழுதியிருந்தாலும் இந்த ஊர் நம்பியிருக்காது. நான் நம்புகிறேன். அம்மாவும் கடைசிவரை நம்பிக்கொண்டேதான் போனாள்.

சாப்பிடாமல் இருக்காதே. பதில் எழுது.

உன் அக்கா
எஃபி